நாக்கை உருட்டும் பிறப்புரிமையியல்

இன்றும் பல வகுப்பறைகளிலே பிறப்புரிமையியல் நாக்கிலேதான் தொடங்குகின்றது. நாக்கைக் குழல்போல் உருட்டுவோர் ஒருபுறம், உருட்டமாட்டாதோர் மறுபுறம். முன்னது ஆட்சியான இயல்பு, பின்னது பின்னிடைவான இயல்பு என ஆசிரியர் கரும்பலகையில் எழுத, மாணவர் பிரதி செய்வர். இப்பாடம் பிழையானது. பிழையெனத் தெரிந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் கற்பிக்கப்படுகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு.

இதனை எளிய மெண்டலிய இயல்பென 1940இல் முன்வைத்தவர், பழ ஈயின் நிறமூர்த்தத்துக்கு முதன்முதல் வரைபடம் அமைத்த ஸ்டர்ட்டவன்ற். 1952இல் மற்லொக் என்பார் ஒத்த இரட்டையர் 33 சோடியினரை ஆராய்ந்தார். அவர்களுள் 7 சோடிகளில் ஒருவர் நாக்கை உருட்ட, மற்றவரால் இயலவில்லை. ஒரே பரம்பரையலகுகளை உடைய இருவர் வேறுபடுவராயின், ஒரு சோடி எதிருருக்களே அவ்வியல்பைத் தீர்மானிக்கின்றன என்பது எங்ஙனம் பொருந்தும்? தமது பழைய முடிவு இன்னும் நிறுவப்பட்ட உண்மையாகக் காட்டப்படுவது சங்கடம் தருகின்றதென ஸ்டர்ட்டவன்ற் தாமே 1965இல் எழுதினார். கண்டவர் கைவிட்டதை நாம் பற்றிநிற்கின்றோம்! காதுச்சோணையின் கதையும் ஏறத்தாழ இதுவே.

மாணவர் விரும்பும் எளிய உதாரணந்தானே என்பர் சிலர். பெற்றோர் இருவரும் நாக்கை உருட்டமாட்டாதவராக, தான் மட்டும் உருட்டும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அத்தகைய பெற்றோருக்கு அத்தகைய பிள்ளை பிறவாதென அன்று காலைதான் அது படித்தது. வீடு திரும்பும்போது அதன் மனத்தில் எழும் ஐயம் தாயின் ஒழுக்கத்தையன்றோ தொடும்?

உதாரணம் வேண்டின், நம் நாட்டில் தலசீமியா இருக்கின்றது. குருநாகலிலே அதற்கெனத் தனி நிலையமே இயங்குகின்றது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் பழுதுற்ற எதிருரு ஒன்றை மட்டும் உடையவர் காவி, அவர் நோயாளியல்லர். காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுற்ற பிள்ளை பிறக்கும் நிகழ்தகவு நான்கில் ஒன்று. அப்பிள்ளைக்கோ வாழ்நாள் முழுவதும் குருதியேற்றமும், அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்றும் மருந்தும் வேண்டும்.

இதனையும் நோய்ப்பட்டியலில் ஒரு பெயராக மனனம் செய்வித்தாற் பயனில்லை. 'நால்வரில் ஒருவர்' என ஒப்புவித்த மாணவன், மூத்த பிள்ளை நோயுற்றமையால் அடுத்த மூவரும் தப்பினர் எனக் கணக்கிடுவான். உருண்டை விதைக்கும் சுருங்கிய விதைக்குமிடையே 3:1 விகிதத்தைக் காட்ட மெண்டல் 7324 பட்டாணி விதைகளை எண்ணினார். குடும்பத்திலோ இரண்டு மூன்று பிள்ளைகள்.

சாதகப் பொருத்தம் பார்க்கும் நம்மவரில் எத்தனை பேர் மணத்துக்கு முன் குருதிப் பரிசோதனையைக் கேட்கின்றனர்? 'நம் இரத்தம்' என மச்சாளையே மணமுடித்து வைப்போர், ஒரே பாட்டனாரின் எதிருரு இருவரிடத்தும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல் என்பதை அறியார். காவியொருவர் காவியல்லாதவரை மணந்தால் நோயுற்ற பிள்ளை பிறவாது என்பதையும் அறியார். இதனைப் பாடசாலை கற்பியாவிடின், பரிசோதனை முடிவு கலியாணத் தரகர் கையில் இன்னொரு தோஷமாகும். அதுவும் முதலிற் பெண்ணுக்கே.

பாடநூற் குழுக்களில் நம் விரிவுரையாளர்களும் அமர்கின்றனர். 1952ஆம் ஆண்டு ஆய்வு அவர்கள் அறியாததன்று. அடுத்த திருத்தத்திலேனும் அந்த நாக்கை நீக்குவார்களா?