'இது' வேணாம், 'தன்' குடுங்க!

மக்களே, இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்களும் வாங்க, கொஞ்சம் தமிழ் இலக்கணமும் இருக்கு :-)

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல யார் எப்போ வலை கட்டுறதுன்னு மீனவர்களே முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஒருநாள் பாட்டுக் கணக்க ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரே ஆப்ஜெக்ட்டா எழுதணும்னு வைங்க. இறால் 40 கிலோ, கிலோ 300 ரூபா, ஆள் 4 பேர். (எண்கள் சும்மா உதாரணத்துக்கு.) வரவு 12,000, பங்கு 3,000.

வரவுங்கற இடத்துல 'திஸ்.எடை * திஸ்.விலை'ன்னு போட்டா வேலைக்காகாது. அந்த 'திஸ்' கட்டிக்கிட்டு இருக்கற ஆப்ஜெக்ட்ட விட்டுட்டு, அதுக்கு வெளிய இருக்கறதக் காட்டும். சரின்னு 'கெட்டர்' எழுதலாம். ஆனா மூணு புள்ளி வச்சு நகல் எடுத்து விலைய மட்டும் 250 ஆக்கிப் பாருங்க. கெட்டர் பழைய விடையா உறைஞ்சுபோய் வரும். வரவு 10,000 ஆகணும், 12,000-ன்னே நிக்கும். பங்கு கேக்க வர்றவருக்கு என்ன பதில் சொல்றது?

கோளாறு சொல்லுலயே இருக்குன்னு நினைக்கிறேன். 'திஸ்'னா 'இது'. யார் எங்க நின்னு காட்டுறாங்களோ அதப் பொறுத்து மாறும். சிமுலா 67-லயே இருந்த சொல் அது. ஸ்மால்டாக் 'செல்ஃப்'னு வச்சுக்கிச்சு. தமிழ்ல அதவிட நல்லதா ஒண்ணு இருக்கு. "முருகன் செல்வத்துகிட்ட அவன் வலை கிழிஞ்சிடுச்சுன்னான்." யாரோட வலை? தெரியாது. "தன் வலை கிழிஞ்சிடுச்சுன்னான்." முருகனோடதுதான், சந்தேகமே இல்ல.

அதனால என் யோசனை, 'தன்'னு புதுசா ஒரு சொல்:

வரவு: தன்.எடை * தன்.விலை,
பங்கு: தன்.வரவு / தன்.ஆள்

விதி மூணுதான். ஒண்ணு, 'தன்' எப்பவும் தன்னைச் சுத்தியிருக்கற ஆப்ஜெக்ட்டத்தான் குறிக்கும், யார் கூப்பிட்டாலும் மாறாது. ரெண்டு, நகல் எடுத்தா விடை போகக்கூடாது, கணக்குப் போடுற வழிதான் போகணும். மூணு, வரவு பங்கையும் பங்கு வரவையும் கேட்டுச் சுத்த ஆரம்பிச்சா, தொங்கிப் போகாம 'பிழை'ன்னு நிறுத்தணும்.

நடக்காத கதை இல்லீங்க. ஜேசானெட்ல 'செல்ஃப்' கிட்டத்தட்ட இப்படித்தான், விலைய மாத்தினா வரவும் மாறும். நிக்ஸ் மொழியில 'ரெக்'னு போட்டா உள்ள இருக்கறது ஒண்ணையொண்ணு பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஜாவாஸ்கிரிப்ட்ல 'திஸ்'ஸ மாத்தினா பழைய நிரல் எல்லாம் உடையும். அதனாலதான் புதுச் சொல் கேக்கறேன்.

"ரெண்டு வரி கூட எழுதினா என்ன குறைஞ்சிடும்?"னு கேப்பீங்க. அந்த ரெண்டாவது வரிய மாத்த மறந்தா, நாலு பேரோட கூலி தப்பாப் போகும். அதுவும் சத்தமில்லாம.

எழில் மாதிரி தமிழ்லயே நிரல் எழுதுற மொழி செய்யறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'திஸ்'ஸ 'இது'ன்னு பெயர்க்காதீங்க. நம்மகிட்ட 'தன்' இருக்கு!