குவேக்கர்களின் வாசலில் நம் பிள்ளைகள்: விண்ணப்பிக்கலாமா?

அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடிக்கப் போகும் மகள் வீட்டுக்கு போன் செய்கிறாள். "வாப்பா, வாஷிங்டனில் ஒரு பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்கிறாள். எந்த கம்பெனி என்று கேட்டால், கம்பெனி இல்லை, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் அமைப்பு என்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், போருக்கு எதிராகவும் நீதிக்காகவும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசுகிற வேலை என்கிறாள்.

பெற்றோர் மனதில் உடனே மூன்று கேள்விகள் எழும். வேறு மதத்தாரின் அமைப்பில் நம் பிள்ளைக்கு என்ன வேலை? மாணவர்களைப் பிடித்து அடைக்கிற இந்த நேரத்தில் அரசியல் வேலை தேவையா? இதனால் எதிர்காலத்துக்கு என்ன பயன்? மூன்றும் நியாயமான கேள்விகளே. பதில் சொல்லும் முன், இவர்கள் யார் என்று பார்ப்போம்.

யார் இந்தக் குவேக்கர்கள்?

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவானவர்கள் இவர்கள். தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொள்வார்கள். உயர்ந்தவர் முன் தொப்பியைக் கழற்ற மாட்டோம், நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம், ஆயுதம் ஏந்த மாட்டோம் என்றார்கள். இதற்காக ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்கள். பதவியேற்கும்போது சத்தியம் செய்யலாம் அல்லது உறுதி கூறலாம் என்று அமெரிக்க அரசியல் சட்டம் இரு வழி வைத்திருப்பதற்கு இவர்களைப் போன்றோரும் ஒரு காரணம். அமெரிக்க மண்ணில் அடிமை முறைக்கு எதிராக 1688-லேயே எழுத்துப்பூர்வமாகக் குரல் கொடுத்தவர்கள் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள்.

குவேக்கர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களும் அன்று உண்டு. வியட்நாம் போரை நடத்திய அதிபர் நிக்சனும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் ஒரு சமூகமாகப் போர் வேண்டாம் என்ற நிலையை அவர்கள் விடவில்லை.

நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பும் உண்டு. ரமல்லாவில் 1869 முதல் குவேக்கர் பள்ளி நடக்கிறது. 1948-ல் பலஸ்தீன மக்கள் வீடிழந்து காஸாவில் குவிந்தபோது, ஐ.நா. கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே உணவும் கூடாரமும் வழங்கும் பொறுப்பை ஏற்றது அமெரிக்கக் குவேக்கர்களின் சேவை அமைப்பு. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த அமைப்பும் பிரிட்டன் குவேக்கர்களின் அமைப்பும் சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசு பெற்றிருந்தன.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-ல், இவர்கள் வாஷிங்டனில் தொடங்கியதுதான் 'ஃபிரண்ட்ஸ் கமிட்டி ஆன் நேஷனல் லெஜிஸ்லேஷன்'. செனட் அலுவலகக் கட்டடத்துக்கு எதிரிலேயே இதன் அலுவலகம் இருக்கிறது. அமெரிக்காவில் குவேக்கர்கள் மொத்தமே ஒரு லட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டு முஸ்லிம்களோ, பியூ ஆய்வு மையத்தின் 2017 கணக்குப்படி, சுமார் 34 லட்சம் பேர்.

23 ஆண்டுப் பொறுமை

'லாபி' என்றதும் நமக்குப் பணப்பெட்டியும் தரகு வேலையும்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட லாபியும் வாஷிங்டனில் தாராளமாக உண்டு. ஆனால் குறைகளை அரசிடம் முறையிடுவது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் உரிமை. குவேக்கர்கள் செய்வது அந்த முறையிடும் வேலையைத்தான்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2002 அக்டோபரில் இராக் மீது படையெடுக்க அதிபருக்கு அனுமதி அளித்து ஒரு சட்டம் நிறைவேறியது. சதாம் ஹுசைன் ஆட்சி போய், அந்தப் போரும் முடிந்த பிறகும் சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது. 2020 ஜனவரியில் பாக்தாதில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி கொல்லப்பட்டபோது, அதை நியாயப்படுத்த இந்தப் பழைய சட்டத்தையே டிரம்ப் நிர்வாகம் கையில் எடுத்தது.

இதை ரத்து செய்யக் கோரி இந்த அமைப்பு ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. 2021-ல் பிரதிநிதிகள் சபை 268-161 என்று ரத்துக்கு வாக்களித்தது, செனட்டில் நகரவில்லை. 2023-ல் செனட் 66-30 என்று வாக்களித்தது. பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2025 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்து அது ரத்தானது. 23 ஆண்டுகள்! இதைக் குவேக்கர்கள் தனியாகச் சாதிக்கவில்லை. பல அமைப்புகளும் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்தே செய்தார்கள். ஆனால் தலைப்புச் செய்தியில் இராக் இல்லாத ஆண்டுகளிலும் விடாமல் கதவைத் தட்டியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

அதற்கும் முந்தைய 2001-ஆம் ஆண்டுப் போர் அனுமதிச் சட்டம் இன்னும் இருக்கிறது. அன்று பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. ஆகவே வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்கள் நுழைய 2017-ல் தடை வந்தபோது எதிர்த்ததும், 2023 அக்டோபரில் காஸாவில் போர் நிறுத்தம் கோரியதும் இதே அமைப்புதான்.

அங்கே என்ன வேலை?

இளம் பட்டதாரிகளை ஏறக்குறைய ஓராண்டுக் காலம், சம்பளம் கொடுத்து, இந்த அமைப்பு பணியில் வைத்துக்கொள்கிறது. குவேக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொருவரும் அனுபவம் உள்ள ஒருவருடன், ஏதேனும் ஒரு துறையில் வேலை செய்வார்கள். நாடாளுமன்றக் குழு விசாரணைகளுக்குப் போய்க் குறிப்பெடுப்பது, உறுப்பினர்களின் உதவியாளர்களைச் சந்திப்பது, தொகுதி மக்கள் தம் பிரதிநிதியிடம் பேச உதவுவது, ஒரு மசோதாவை எளிய மொழியில் இரண்டு பக்கத்தில் விளக்கி எழுதுவது போன்றவை இத்தகைய வேலைகள்.

இன்னொன்றும் அங்கே கற்கலாம். குவேக்கர்கள் தங்கள் கூட்டங்களில் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. அமைதியாக அமர்ந்து, எல்லோரையும் கேட்டு, மனம் ஒன்றுபடும் இடத்தில் முடிவெடுப்பார்கள். மஷூரா என்ற சொல் தெரிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

மூன்று கேள்விகளுக்கும் பதில்

முதல் கேள்வி மார்க்கம் பற்றியது. அங்கே வேலை செய்வது அவர்கள் கொள்கையை ஏற்பதாகாது. அவர்களது எல்லா நிலைப்பாடுகளும் நமக்கு உடன்பாடாகவும் இருக்காது. குடும்பம், சமூகம் தொடர்பான சில விஷயங்களில் வேறுபாடு உண்டு. எந்தத் துறையில் வேலை, எதைப் பேச வேண்டியிருக்கும் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஊழியரின் மத வழக்கங்களுக்கு இயன்றவரை இடம் தர வேண்டும். ஹிஜாபுக்காக வேலை மறுக்கப்பட்ட பெண்ணுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்ற வளாகத்தில் முஸ்லிம் ஊழியர்கள் சேர்ந்து ஜுமுஆ தொழுகை நடத்துவதும் வழக்கத்தில் உள்ளது.

இரண்டாவது கேள்விதான் கனமானது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைக்கு வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு முடிந்தபின் 12 மாதங்கள் வேலை செய்ய அனுமதி பெறலாம். ஆனால் வேலை அவர் படித்த துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவு, இதழியல் படித்தவருக்கு இது எளிது. கணினிப் பட்டம் பெற்றவருக்குக் கடினம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அடி எடுத்து வைக்கக் கூடாது. விசா உள்ளவர்களை எடுப்பார்களா என்பதையும் அமைப்பிடமே முதலில் எழுதிக் கேட்க வேண்டும்.

அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மஹ்மூத் கலீலும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவி ருமைசா ஓஸ்துர்க்கும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். முன்னவர் கிரீன் கார்டு உள்ளவர். பின்னவர் செய்தது மாணவர் இதழில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியதுதான். நீதிமன்ற உத்தரவுகளால் இருவரும் வெளியே வந்தாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அதே ஆண்டு ஜூன் முதல், மாணவர் விசா கேட்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் ஆனது. எனவே விசாவில் இருக்கும் பிள்ளையிடம் "தைரியமாகப் போ" என்று நாம் இங்கிருந்து சொல்வது சுலபம். விலை கொடுப்பது அந்தப் பிள்ளைதான். அந்த முடிவைக் குடும்பமும் வழக்கறிஞரும் சேர்ந்து எடுக்கட்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. வாக்குரிமை உள்ளவர்கள் ஒதுங்கி நின்றால், வாய் திறக்க முடியாதவர்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எதிர்காலம். மென்பொருள் கம்பெனி தரும் சம்பளம் இங்கே கிடைக்காது. ஆனால் ஒரு சட்டம் எங்கே பிறக்கிறது, எங்கே முடங்குகிறது என்பதை நேரில் பார்த்த அனுபவம் சட்டப் படிப்புக்கும், அரசுப் பணிக்கும், இதழியலுக்கும் கைகொடுக்கும்.

விண்ணப்பிக்கும்போது

இத்தகைய பணிகளுக்கான அழைப்பு பல மாதங்கள் முன்பே வந்துவிடும். கடைசி வாரத்தில் ஓடக் கூடாது. பரிந்துரை தரும் ஆசிரியருக்கு ஒரு மாத அவகாசமாவது கொடுக்க வேண்டும். 'உலக அமைதியை விரும்புகிறேன்' என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை விட்டுவிட்டு, நீங்கள் செய்ததை எழுதுங்கள். பள்ளிவாசலில் வாக்காளர் பதிவு முகாம் நடத்தியிருந்தால் எத்தனை பேரைப் பதிந்தீர்கள், ரமலான் உணவு விநியோகத்தில் எந்தப் பொறுப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். முஸ்லிம் என்ற அடையாளத்தை மறைக்கவும் வேண்டாம், அதை மட்டுமே நம்பவும் வேண்டாம். அந்த அமைப்பு பேசிவரும் ஒரு மசோதாவையாவது முழுதாகப் படித்திருப்பது அவசியம்.

நாம் கற்க வேண்டியது

அமெரிக்க முஸ்லிம்களுக்கும் அமைப்புகள் உண்டு. எம்பேக் 1988-லும் கேர் 1994-லும் தொடங்கியவை. அவற்றிலும் மாணவர்களுக்கு வாய்ப்புகள் உள்ளன, அங்கேயும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் குவேக்கர்களிடம் நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சிறிய சமூகம், வேறு மதத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, தன் காசில் சம்பளம் கொடுத்து, பொதுக் காரியத்துக்கு ஆட்களைத் தயார் செய்கிறது. பயிற்சி பெற்றவர்கள் தங்களிடமே தங்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பதில்லை. நாம் பள்ளிவாசல் கட்டுகிறோம், மதரஸா கட்டுகிறோம், கல்லூரியும் கட்டுகிறோம். ஒரு மசோதாவைப் படித்து, அதில் நம்மைப் பாதிக்கும் வரியைக் கண்டுபிடித்து, உறுப்பினரிடம் போய்ப் பணிவாகவும் தெளிவாகவும் பேசத் தெரிந்த பத்துப் பிள்ளைகளை உருவாக்க எத்தனை ஜமாஅத்துகள் பணம் ஒதுக்கியிருக்கின்றன?

போன் செய்த மகளிடம் உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டாம். விசா நிலையைக் கேளுங்கள், வேலையின் விவரத்தைக் கேளுங்கள், எழுதிய விண்ணப்பத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு துஆ செய்து அனுப்புவதா, இந்த ஆண்டு பொறுத்திருக்கச் சொல்வதா என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.