பிள்ளையின் வாயால் கேட்காதீர்கள்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கிளினிக். நெஞ்சு படபடக்கிறது, ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை என்று வந்த ஓர் அம்மாவிடம் மிஸ்ஸி ஒரு தாளை நீட்டினார். மன அழுத்தத்தைக் கண்டறியும் 21 கேள்விகள், மலாயில். அம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கூட வந்த 12 வயது மகன்தான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். வாழ்வதில் அர்த்தமே இல்லை என்று தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லய்யா, இல்லன்னு போடு” என்றார் அம்மா. அவன் பூஜ்யத்தை வட்டமிட்டான்.

பக்கத்துப் பெஞ்சில் எங்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பூஜ்யத்தை நாங்கள் ஏற்கவில்லை. இந்த இயக்கம் அங்கிருந்து பிறக்கிறது.

மனநல அறிவு என்ற கருத்தை 1997இல் ஆஸ்திரேலியாவின் அந்தோனி ஜோர்மும் அவர் சகாக்களும் முன்வைத்தார்கள். அதன் பேரில் பாடம் பெரும்பாலும் மக்களுக்கே நடக்கிறது. ‘நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று நாமே மேடையேறிச் சொல்கிறோம். போதும். “மனசு கனக்குது”, “உடம்பெல்லாம் எரியுது”, “யாரோ செஞ்சு வெச்சிட்டாங்க”: எங்கள் வீடுகளில் இப்படித்தான் உதவி கேட்பார்கள். இதைப் புரிந்துகொள்ளக் கற்கவேண்டிய கடமை கிளினிக்குக்கும் சமூகநல அலுவலகத்துக்கும் உண்டு.

மலேசியாவில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023இல் பெரியவர்களில் 4.6 விழுக்காடு, ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர், என்று தேசிய ஆய்வு காட்டியது. வாய்திறந்து சொன்னவர்களின் கணக்கு இது. மனநல மருத்துவமனை இருப்பதால் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரே வசையாகிப்போன சமூகத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே அறிவிக்கிறோம். எந்தப் பிள்ளையும் பெற்றவரின் மனநோய்க்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடாது. தாளைத் தமிழில் அச்சடித்தால் மட்டும் போதாது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரிடம் பயிற்சி பெற்ற ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு, வாயால் கேட்கவேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் போலீஸுக்குப் பயந்து உண்மையை மறைக்கும் குடும்பம் இன்னும் இருக்கிறது. இனி அது குற்றமில்லை என்பதை முகப்பில் இருப்பவர் தமிழில் சொல்லவேண்டும்.

கிளினிக் பணியாளர்கள் எங்கள் எதிரிகள் இல்லை. எங்களிலேயே தாதியர் இருக்கிறார்கள். காலை வரிசை எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு சேர்ந்துதான் இதைச் செய்வோம்.

இன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் இந்த அறையிலேயே முதல் பயிற்சி. அந்தக் கடைசிக் கேள்வியை ஓர் அக்காவிடம், அவர் கண்ணைப் பார்த்து, எந்த வார்த்தையில் கேட்பது என்று பழகப்போகிறோம்.