நூலகக் கதவு யாருக்குத் திறக்கிறது?

படப்பை வழியாகச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடாத நேரமில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று காரும் லாரியும் செல்போனும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். தலித் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு அவர்களே முதல் பட்டதாரிகள். கட்டணம் கட்டியாகிவிட்டது, பஸ் பாஸும் வாங்கியாகிவிட்டது. ஆனால் ப்ராஜெக்ட் எழுதவும் போட்டித் தேர்வுக்குத் தயாராகவும் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும், தேவையான நூல்களும் இருக்கின்றனவா என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எழுப்புகிறோம்.

பல்கலைக்கழக நூலகம் என்பது பாடப்புத்தகம் அடுக்கிய அறை மட்டுமல்ல. ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், பழைய செய்தித்தாள்கள், அரசு அறிக்கைகள் எல்லாம் அங்கே இருக்கும். படிக்க அமைதியான கூடம் இருக்கும். கருத்தரங்கும் கண்காட்சியும் நடக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இத்தனையும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஆனால் அந்த மக்களில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறார்கள்?

ஒரு புதிய திட்டத்தைப் பார்ப்போம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கட்டணமின்றிப் படிக்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் இது அரசு நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டுமே. நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். அரசு இடம் கிடைக்காமல், கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. ஏழை தனியாரில் பணம் கட்டிப் படிக்கிறான் என்பதற்காகவே அரசு செலவிடும் அறிவுப் பங்கிலிருந்து விலக்கப்படுகிறான். இது சரியா?

இதைத் தலித் மக்களின் பிரச்சினையாக நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம், பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி, அதே ஆண்டு அரசாணையாகவும் வந்தது. அதே 1924இல்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகரே புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றில் முதல் இரண்டு. அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் ஊர் ஊராக நூலகம் போனது.

நூறாண்டுகளுக்கு முன்பு ஒருவர் கிணற்றைத் திறக்கச் சொன்னார். இன்னொருவர் அலமாரியைத் திறந்தார். இரண்டும் இன்னும் முழுதாக ஒன்று சேரவில்லை. இன்று யாரும் சாதியைச் சொல்லித் தடுப்பதில்லை. "எந்தக் காலேஜ்? ஐடி கார்டு எங்கே? யாரிடம் கடிதம் வாங்கி வந்தாய்?" என்று கேட்கிறார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள். அப்பா பேராசிரியராக இருக்கும் பிள்ளை இதையெல்லாம் ஒரு போன் காலில் கடந்துவிடும். போன் செய்ய யாருமில்லாத பிள்ளை கேட்டோடு திரும்பிவிடும்.

அப்படித் திரும்புவதால் இழப்பது மதிப்பெண் மட்டுமல்ல, நம் வரலாறும்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் மறையும் வரை 'தமிழன்' வார இதழை நடத்தினார். ஆங்கிலேயர் வீட்டில் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் என்று அவர் எழுதிவைத்தார். நூலகத்துக்கு ஏடு தந்த சமூகத்தின் பிள்ளைகள்தான் இன்று நூலக வாசலில் நிற்கிறார்கள். அந்தத் 'தமிழன்' இதழ்களைப் பல ஆண்டுகள் காத்து வைத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற தனி மனிதர்கள். பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1999இல்தான் ஞான.அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஒரு கல்வி நிறுவனம் மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நிலத்துக்கும் இது பொருந்தும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி 1891இல் அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததே பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்களை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இன்று இந்தச் சாலையோரத்தில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். பழைய அறிக்கைகளையும் மாவட்ட மானுவல்களையும் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் ஊருக்கு ஒருவர் இருந்தால், பாட்டன் நிலத்தைப் பற்றி அதிகாரியிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும். அந்த ஆவணங்கள் இருக்கும் இடம் பெரிய நூலகங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகமும்தான்.

ஆகவே நாம் கேட்பவை இவை. அரசுப் பல்கலைக்கழகங்களும், ஸ்ரீபெரும்புதூரிலேயே இயங்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களும், ஞாயிற்றுக்கிழமையாவது வெளி மாணவர்களை முன்பணமின்றி உள்ளே உட்கார்ந்து படிக்க அனுமதிக்க வேண்டும். ஆதார் அட்டையோ கல்லூரி அட்டையோ காட்டினால் போதும் என்று தமிழில் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' இதழ்களை அப்படி வந்து படிப்பவர்களும் பார்க்க வழி செய்ய வேண்டும். பதிப்பகங்களோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் கேட்க வேண்டும்.

கண்காட்சிகள் சென்னை வளாகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சிலைக்கு மாலை போடுவதோடு நில்லாமல், 'பறையன்', 'தமிழன்' இதழ்களின் படிகளையும் டிரமென்ஹீர் அறிக்கையையும் நம் பகுதி அரசுப் பள்ளிகளுக்கும் சமூகநீதி விடுதிகளுக்கும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அம்பேத்கர் 1913இல் படிக்கப் போன நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருப்பது நூலகத்தில்தான். மாட்டுவண்டியில் போன நூலகம் இன்று வேனில் வர முடியாதா? குடியிருப்புகளை மேம்படுத்த அயோத்திதாசர் பெயரில் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.1,000 கோடி அறிவித்த தமிழக அரசு, அதில் ஊருக்கொரு படிப்பகத்தையும் சேர்க்கட்டும். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இந்த ஆலைகளால் பெருகும் வருவாயில் நம் கிராமங்களின் நூலகங்களுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கைக் கிராம சபையில் கேட்பது நம் உரிமை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கிடைப்பவை உண்டு. பல பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் புத்தக வங்கி இருக்கிறது. பருவம் முழுவதும் பாடநூல்களை வீட்டில் வைத்துப் படிக்கலாம். உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று நூலகரிடம் நேராகக் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் செல்போனிலேயே படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உள்ளே போகலாம். சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு. முதல் முறை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். அங்கிருந்து கிண்டி காந்தி மண்டப வளாகம் பக்கம்தான். அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் எழுப்பிய மணிமண்டபங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க நம் முன்னோர் யாரிடமும் தயவு கேட்கவில்லை. உரிமை என்று சட்டமன்றத்தில் நின்று கேட்டார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் நூலகமும் அப்படித்தான். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் துணைவேந்தர்களும் உயர்கல்வித் துறையும் இதில் ஒரு முடிவை அறிவிக்க வேண்டும்.