மலைப்பாதை பந்தயத் திடலா?

மார்கழி பிறந்தால் போதும், பழனி மலைப் பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்ட இளைஞர்கள் கிளம்பி விடுகிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூருக்கு ஏறும் பாதையில் படபட சத்தம்தான்!

பனியில் வண்டி ஓட்டுவது தனி சுகம். யார் இல்லை என்றது? கல்லிலும் சேற்றிலும் ஓட்டிப் பழகிப் பெரிய பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது சிலரது கனவு. நல்ல கனவுதான். பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டக்கார் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியர். கேரளத்து ஹரித் நோவா 2024-ல் அதே பந்தயத்தில் ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அவர் ஓட்டியது நம்ம டி.வி.எஸ். அணிக்காக!

ஆனால், டாக்டரும் ஹெலிகாப்டரும் தயாராக நின்ற அந்தப் பந்தயத்திலேயே 2021-ல் சந்தோஷ் விழுந்து, உயிருக்குப் போராடி மீண்டார். பாச்சலூர் வளைவில் விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? பனிக்குள் எதிரே வருவது காட்டெருமையாக இருக்கலாம். காப்பித் தோட்டத்துக்குப் போகும் பெண்களாகவும் இருக்கலாம். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கே 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சட்டம் மட்டும் போதுமா? சென்னைப் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை, கோவைப் பையனுக்குச் செட்டிபாளையம். திண்டுக்கல் பையன் எங்கே போவான்?

மலையடிவாரத்துத் தரிசில் ஒரு மண் திடல் போதும். ஹரித் நோவாவும் மண் திடலில் தேறி வந்தவர்தான். அதிகாரிகள் மனது வைப்பார்களா?

அதுவரை, தம்பிகளே! தலையில் ஹெல்மெட், கையில் நிதானம். பந்தயம் வேண்டாம்!