ஆஞ்சியோ நார்மல்... அப்புறம் ஏன் நெஞ்சு வலிக்குது?

"டாக்டர், ஆஞ்சியோ பண்ணியாச்சு. அடைப்பே இல்லைன்னுட்டாங்க. ஆனா மாடி ஏறினா நெஞ்சை அமுக்குது. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

ஓபியில் இப்படிச் சொன்ன அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. "கேஸ்", "டென்ஷன்" என்றே ஒரு வருடம் ஓடிவிட்டது.

நண்பர்களே, ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அதில் தெரியாது. மெயின் ரோடு காலியாக இருக்கிறது, தெருவுக்குள் வண்டி நுழைய முடியவில்லை. அந்தக் கதைதான் இது.

நாம் உழைக்கும்போது நுண்குழாய்கள் தேவைக்கு விரியாவிட்டால், இதயத் தசைக்கு ரத்தம் பத்தாது. வலி வரும். இதுதான் மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா. பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, அதிகம் பார்க்கிறோம்.

என் கருத்து இதுதான். "அடைப்பு இல்லை" என்பது நல்ல செய்தி. அதை "நோயே இல்லை" என்று மாற்றிச் சொல்வது தவறு. கேஸாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பரிசோதித்துச் சொல்லணும், ஊகித்து அல்ல. டாக்டர்களான எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு ஸ்டென்ட் வைக்க இடமில்லை. பிரஷர், சுகர், கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, மாத்திரை, அதோடு நடை. இவைதான் வைத்தியம்.

அந்த அக்கா பயத்தில் நடையையே விட்டிருந்தார். அது இரண்டாவது தவறு.

எப்படி நடப்பது? உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு,

✅ முதல் 5-10 நிமிடம் மெதுவாக. முடிக்கும்போதும் அப்படியே.

✅ 10 நிமிடத்தில் தொடங்கி, வாராவாரம் கொஞ்சம் கூட்டி, 30 நிமிடம் வரை. வாரம் 5 நாள்.

✅ நடக்கும்போது பேச முடியணும். பேச்சு திணறினால் வேகம் அதிகம்.

❌ சாப்பிட்ட உடனே, உச்சி வெயிலில் வேண்டாம்.

❌ வலி வந்தால் "தாங்கிக்கலாம்" என்று தொடராதீர்கள். நின்று உட்காருங்கள்.

❌ மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஓய்வெடுத்தும் 5 நிமிடத்தில் வலி குறையவில்லையா? வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்கிறதா? உடனே 108. "ஆஞ்சியோ நார்மல்தானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஈசிஜி எடுத்தே ஆகணும்.

அக்கா இப்போது தினமும் 20 நிமிடம் நடக்கிறார். வலி முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. "என்னை நம்பினீங்களே டாக்டர்" என்றார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ நெஞ்சு வலிக்குது என்றால், முதலில் நம்புங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.