மண்வாசனையும் சிந்தசைசரும்

இளையராஜா என்றதும் பலருக்கு உடனே ஞாபகம் வருவது பச்சை வயல், மாட்டு வண்டி, பின்னால் ஒரு மலை. அவர் பிறந்த பண்ணைப்புரம் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பதால், தேனிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் படத்தின் மேல் உரிமை கொஞ்சம் ஜாஸ்தி. 'மண்வாசனை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

2010-களில் பிரிட்டனைச் சேர்ந்த ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனி இதே மனிதரின் பாட்டுகளைத் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்று வெளியிட்டது. 1977 முதல் 1983 வரையிலான பாட்டுகள். கோலிவுட்டின் எலக்ட்ரானிக் பாப் இசை என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். 'இலெக்ட்ரோ' என்று இன்னொரு தொகுப்பும் உண்டு. அந்தக் கம்பெனியின் வேலையே பழைய சினிமா இசை, மறந்துபோன சைக்கடெலிக் ராக் ஆகியவற்றைத் தோண்டி எடுத்து மறுபடி விற்பதுதான். (சைக்கடெலிக் என்றால் 1960-களில் மேற்கே கிளம்பிய, எதிரொலியும் ஆர்கனும் முறுக்கிய கிதாருமாகத் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் சமாச்சாரம்.)

ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவரை ஏழு வருஷத்துக்குள் அடக்குவதா என்று கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். ஆனால் இங்கே செய்த தொகுப்புகள் என்ன லட்சணம்?

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. துண்டுச் சீட்டில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும்! பிறகு எம்பி3 சிடி வந்தது, ஒரே தட்டில் நூற்றுக்கும் மேல் பாட்டுகள். இரண்டு காலத்திலும் பிரித்த விதம் ஒன்றுதான்: காதல், சோகம், தத்துவம், அம்மா. அதாவது பாட்டின் வார்த்தையையும் படத்தின் காட்சியையும் பார்த்துப் பிரித்தார்கள். பாஸ் கிதார் என்ன செய்கிறது என்று கேட்டுப் பிரித்தவர் அபூர்வம். வார்த்தை புரியாத வெள்ளைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. சத்தத்தை மட்டுமே வைத்துப் பொறுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கே பஸ்ஸில் ஆயிரம் தடவை கேட்டும் காதில் விழாத சிந்தசைசர் அவன் காதில் முதலில் விழுந்தது.

இந்த விஷயத்தில் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இன்னொரு மறதியும் உண்டு. தேனி அல்லிநகரத்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து ராஜாவும் சேர்ந்து 1977-ல் '16 வயதினிலே' கொடுத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறோம். அடுத்த வருஷமே அதே இருவர் 'சிகப்பு ரோஜாக்கள்' கொடுத்தார்கள். நகரம், பங்களா, கொலைகாரன். அதில் மாட்டு வண்டிச் சத்தத்தை வைத்து என்ன செய்வது? காட்சி கேட்டதற்கு ஏற்ற வாத்தியம் வந்தது. 1981-ல் 'டிக் டிக் டிக்' வேறு. கிராமத்திலிருந்து வந்தவன் கிராமத்து இசையைத்தான் போடுவான் என்று வெளியூர்க்காரன் சொன்னால் சண்டைக்குப் போவார்கள். அதையே உள்ளூரில் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பெட்டிதான்.

சென்னைக்கு வந்த ராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், ஸ்டூடியோக்களில் கிதாரும் காம்போ ஆர்கனும் வாசித்துச் சம்பாதித்தவர். 'அன்னக்கிளி' 1976-ல் வருவதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது. நாட்டுப்புற மெட்டும் எலக்ட்ரிக் கிதாரும் அவருக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெளிநாட்டுத் தொகுப்பு ஒரு வீட்டுக்குத்தான் விருந்தாளியாகப் போனது, அவ்வளவுதான் அதன் மேல் சொல்லக்கூடிய குறை.

முழு வாழ்க்கையையும் காட்டும் ஒரு தொகுப்பை யாராவது செய்தால் பாட்டுகளை வருஷ வரிசையில் கலந்து வைக்க வேண்டும். தாலாட்டுக்கு அடுத்து கிளப் டான்ஸ், அதற்கடுத்து ஒரு கொலைக் காட்சியின் பின்னணி இசை. கூடவே 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து ஒன்றிரண்டு. முன்னுரையில் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் வர வேண்டும். அண்ணன் பாவலர் வரதராஜனின் பிரச்சாரக் குழுவோடு மலையேறிப் போன சிறுவன், 2025 மார்ச் 8-ல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியது வரை.

முக்கியமாக, வாசித்தவர்களின் பெயர் வேண்டும். கேசட் அட்டையில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். நடிகர் போட்டோ கண்டிப்பாக இருக்கும். டிரம்ஸ் புருஷோத்தமன், கிதார் சதானந்தம், பாஸ் சசிதரன், கீபோர்டு விஜி மானுவல் - இந்தப் பெயர்களை அங்கே தேடினால் கிடைக்காது. வேறு நாடாக இருந்தால் இவர்களை ஒரு பேண்ட் என்று சொல்லி சுவரில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். புருஷோத்தமனாவது 'நிழல்கள்' பாட்டு ஒன்றில் திரையில் வந்துபோகிறார். சசிதரனின் பாஸ் இல்லாமல் அந்தக் காலப் பாட்டுகளில் பாதியை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள்.